டீச்சர் பார்க்காத தாள்

வங்கியில் என் வேலைகளில் ஒன்று கையெழுத்துச் சரிபார்ப்பது. காசோலையில் இருப்பதையும், கணக்குத் தொடங்கியபோது வாங்கிவைத்த மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு சுழி மாறியிருந்தாலும் ஆளைக் கூப்பிட்டு இன்னொரு முறை போடச் சொல்வேன். அப்படிப்பட்டவன் ஒரு ராத்திரி, என் மகனின் கிளாஸ் டீச்சர் நிரப்ப வேண்டிய படிவத்தை நானே நிரப்பி, அடியில் அவர் கையெழுத்தையும் போட்டேன். பள்ளி டைரியில் அந்தக் கையெழுத்தை அடிக்கடி பார்த்துப் பழகியிருந்ததால் சிரமமாகக்கூட இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் என்மேல் படிப்பவர்களுக்கு இரக்கம் வரும்படி செய்துவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு. அதை வைத்துத்தான் ஒரு படிப்பாண்டின் பெரும்பகுதியை ஓட்டினேன்.

பையன் அப்போது மூன்றாம் வகுப்பு. திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளி. வீட்டில் எல்லாரும் அவனை 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிடும்போது நாலு வாய்க்கு ஒருமுறை எழுந்துபோவான். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான். கணக்கு நோட்டைத் திறந்தால் இரண்டு கணக்கு போட்டுவிட்டு, மூன்றாவதை ஆரம்பிக்கும் முன் ஜன்னல் விளிம்பில் போகிற எறும்பு வரிசைக்குள் போய்விடுவான். ரப்பர், ஸ்கேல், தண்ணீர் பாட்டில் எதுவும் ஒரு வாரம் தங்காது. டைரியில் சிவப்பு மையில் 'டாக்கிங் இன் கிளாஸ்', 'ஒர்க் நாட் கம்ப்ளீட்டட்' என்று வந்துகொண்டே இருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்புவது என் மனைவி.

பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போவதும் அவள்தான். அது சனிக்கிழமைகளில் நடக்கும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. பல மீட்டிங் அந்த நாளில்தான் வந்தது. ஆனாலும் நான் போனதில்லை. அவள் திரும்பி வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "எப்பவும் சொல்றதுதாங்க" என்பாள். அதோடு விட்டுவிடுவேன்.

குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போகலாம் என்று முடிவெடுத்ததும் அவள்தான். நானும் கூடப் போனேன். டாக்டர் பையனோடு வெகுநேரம் பேசினார், விளையாடினார். பிறகு எங்களிடம் இரண்டு படிவங்களைக் கொடுத்தார். ஒன்று பெற்றோருக்கு, இன்னொன்று ஆசிரியருக்கு. வேண்டர்பில்ட் அளவுகோல் என்று பெயர். பெற்றோர் தாளில் 55 கேள்விகள், ஆசிரியர் தாளில் 43. முதல் ஒன்பது கேள்விகள் கவனம் சிதறுவதைப் பற்றியவை. அடுத்த ஒன்பது ஓயாத ஓட்டமும் பொறுமையின்மையும் பற்றியவை. ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம், எப்போதாவது என்றால் ஒன்று, அடிக்கடி என்றால் இரண்டு, எப்போதும் என்கிற அளவுக்கு இருந்தால் மூன்று. ஒன்பதில் ஆறு கேள்விக்காவது இரண்டோ மூன்றோ விழுந்தால்தான் அது கணக்கில் வரும்.

ஆசிரியருக்குத் தனித்தாள் எதற்கு என்பதையும் டாக்டர் விளக்கினார். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு-மிகை இயக்கக் குறைபாடு, என்று முடிவுசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் தெரிந்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். பள்ளியில் மட்டும் தெரிந்தால் கண், காது, எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிக்கல், பிள்ளைகளின் கேலி என்று வேறு காரணங்களைத் தேடவேண்டும். "பேப்பரை வெச்சு மட்டும் நான் முடிவு பண்ண மாட்டேன். ஆனா ஸ்கூல்ல அவன் எப்படி இருக்கான்னு அவங்க கண்ணு வழியாத்தான் பார்க்க முடியும்" என்றார்.

என் மனைவி அன்றைக்கே உட்கார்ந்து பெற்றோர் தாளை நிரப்பினாள். ஒவ்வொரு கேள்விக்கும் பேனாவை நிறுத்தி யோசித்து, நேர்மையாக. மூன்றுகள் நிறைய விழுந்தன. டீச்சர் தாளை, "நான் கொடுத்து வாங்கிட்டு வரேன்" என்று பையில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு அன்று சந்தோஷம். கடைசியில் நானும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன் என்று.

ஏன் கொடுக்கவில்லை? கேட்டவர்களுக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன்: தெரிந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்கள், பெயர் ஒட்டிக்கொண்டால் கல்லூரிவரைக்கும் கூடவே வரும். இந்தப் பயம் முழுக்கக் கற்பனையும் அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஆனால் "உங்க பையனுக்கு ஏத்த மாதிரி வேற ஸ்கூல் பாருங்களேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. அப்படிச் சொல்லக் கேட்ட பெற்றோர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

ஆனால் என் உண்மையான காரணம் அது அல்ல. அந்தப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளக் கணக்கு நான் வேலை பார்க்கும் கிளையில் இருந்தது. கிளாஸ் டீச்சரும் வருவார். நகைக்கடன் புதுப்பிக்க வேண்டும், பாஸ்புக் பதிய வேண்டும் என்று கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று "சார், சார்" என்பார். அவர் முன்னால் நான் போய், என் பையனுக்கு இப்படி ஒரு பிரச்சினை, இந்தத் தாளை நிரப்பித் தருவீர்களா என்று கேட்க வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். பையனின் எதிர்காலம் என்று நான் சொன்னதெல்லாம் என் மானத்துக்குப் போட்ட மேல்சட்டை.

நிரப்பும்போது குத்துமதிப்பாக நிரப்பவில்லை. கணக்குப் போட்டு நிரப்பினேன். மனைவி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் மூன்று போட்ட இடத்தில் ஒன்று, இரண்டு போட்ட இடத்தில் பூஜ்யம். எல்லாம் ஒன்றாகவே இருந்தால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே சில இரண்டுகள். எந்தப் பகுதியிலும் அவை ஆறைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். பேனாவைக்கூட மாற்றினேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "ஸ்கூல்ல பெரிசா ஒண்ணும் தெரியலையேம்மா. வீட்டுல ஏதாவது டென்ஷன் இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் சண்டை போடுவோமா, பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எவ்வளவு நேரம் செல்போன் பார்க்கிறான், அவன் சொன்ன பேச்சுக் கேட்காதபோது அவள் என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "அப்பப்ப அடிச்சிருவேன் டாக்டர்" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். டாக்டர்மேல் தப்பில்லை. கையில் இருந்த தாள்கள் எந்தப் பக்கம் காட்டினவோ அந்தப் பக்கம்தான் அவர் போனார். காட்டியது நான். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதுவும் பேசாமல் இருந்தேன்.

ஏ.டி.எச்.டி. என்று அப்போதைக்கு முடிவுசெய்ய வேண்டாம், கொஞ்ச காலம் பார்ப்போம் என்றார். பெற்றோர் பயிற்சி வகுப்புக்கு வரச் சொன்னார். அதற்கும் மனைவிதான் போனாள். அவள் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று அவளே நம்பத் தொடங்கினாள். என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட" என்று அவளிடம் சொன்னார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

பள்ளியிலோ டீச்சருக்கு எதுவும் தெரியாது. தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. அந்த வகுப்பில் நாற்பதுக்கும் மேல். அத்தனை பேரில் ஒருவன் மட்டும் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தால், அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கடைசி பெஞ்ச். கொஞ்ச நேரம் வகுப்புக்கு வெளியே. எழுதி முடிக்காததை எழுதட்டும் என்று பி.டி. பீரியடில் உட்காரவைத்தார். அடிக்கவே இல்லை. ஆனால் ஓடாமல் இருக்க முடியாத பிள்ளைக்கு ஓடக் கிடைக்கும் ஒரே பீரியடும் போனது. அதற்கடுத்த பீரியடில் அவன் இன்னும் மோசமானான். அதற்கு இன்னொரு தண்டனை.

பி.டி. பறிபோன கதை தெரிந்ததும்தான் நான் முதல் தடவையாகப் பள்ளிக்குப் போனேன். சண்டை போடத்தான். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, மற்ற டீச்சர்கள் கேட்கும்படி, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தெரியுமா, உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று தெரியுமா என்று கேட்டேன். படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வீட்டுல அவன் எப்படி சார்? நீங்க என்ன செய்யறீங்கன்னு சொன்னா நானும் அதையே செஞ்சு பார்க்கறேன்" என்றார்.

அதைவிட நல்ல கேள்வி ஒன்றை எந்த ஆசிரியரும் எந்தப் பெற்றோரிடமும் கேட்க முடியாது. வீட்டில் நாங்கள் படும் பாட்டை அந்த நிமிடம் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே திரும்பியிருக்கும். நான் சொன்ன பதில்: "வீட்டுல அவன் நல்லாத்தான் இருக்கான் மேடம். இங்கதான் ஏதோ பிரச்சினை."

டாக்டரிடம் பள்ளியில் ஒன்றுமில்லை என்றேன். டீச்சரிடம் வீட்டில் ஒன்றுமில்லை என்றேன். இரண்டு பேரும் என்னை நம்பினார்கள். ஒருவர் என் மனைவியைச் சந்தேகப்பட்டார், இன்னொருவர் என் மகனைச் சந்தேகப்பட்டார். என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

மாட்டிக்கொண்டது நோட்டுப் புத்தகத்தால். ஒரு மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பள்ளி நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பாதியில் நின்ற பாடங்கள், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. அவர் ஃபைலிலிருந்து என் தாளை எடுத்துப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "இது ரெண்டும் ஒத்துப்போகலையே. டீச்சர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலாமா?" என்றார். மனைவி உடனே நம்பரைக் கொடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டார். டாக்டர் படிவத்தைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து, "எந்த ஃபார்ம் மேடம்? எங்கிட்ட யாரும் தரலையே" என்று குரல் வந்தது.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதைப் பற்றி அதற்குமேல் எழுத வரவில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. பழைய தாளை எடுத்துத் தனியே வைத்தார். புதிதாக ஒன்றை எடுத்து மேசைமேல் என்னைத் தாண்டி நீட்டி, "நீங்க கொண்டுபோய்க் கொடுங்கம்மா" என்றார்.

டீச்சர் நிரப்பிய நிஜமான தாள் சில நாளில் வந்தது. இரண்டும் மூன்றுமாக எண்கள். அவை எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அதை மறைக்கத்தானே அவ்வளவு பாடுபட்டேன். அதிர்ச்சி, ஓரத்தில் அவர் பொடி எழுத்தில் எழுதியிருந்தவை. முதல் இரண்டு பீரியட் பரவாயில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு தாங்காது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். வாயால் கேட்டால் கணக்குக்குப் பதில் சரியாக வருகிறது. பக்கத்தில் நான் நின்றால் எழுதுகிறான், நகர்ந்தால் நிறுத்திவிடுகிறான். சுமந்துபோய்க் கொடுக்கிற வேலை எதுவானாலும் சந்தோஷமாகச் செய்கிறான். மற்ற பிள்ளைகளோடு எப்படி என்ற கேள்விக்குப் பக்கத்தில்: விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறான்.

அவன் தனியாகச் சாப்பிடுகிறான் என்பது எனக்குத் தெரியாது. அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. அவன் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயை அடைத்துவிட்டு, அவர் சொன்னதாக நானே எழுதிக்கொண்டேன். பாஸ்புக்கும் லெட்ஜரும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு எங்கே என்று தேடுவதுதான் எங்கள் தொழில். நான் லெட்ஜரைக் கிழித்துவிட்டு, பாஸ்புக்கைப் பார்த்து இன்னொரு லெட்ஜர் எழுதியவன்.

டீச்சரைப் பார்க்க நானும் மனைவியும் போனோம். மன்னிப்புக் கேட்டேன். அவர் கையெழுத்து விஷயத்தை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் பேர்ல நீங்க எழுதினது தப்புத்தான் சார். ஆனா அன்னிக்கு வீட்டுல நல்லா இருக்கான்னு சொன்னீங்க பாருங்க, அதை நம்பினேன். வீட்டுல நல்லா இருக்கிறவன் இங்க மட்டும் இப்படின்னா வேணும்னேதானே செய்யறான்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் அவன்கிட்ட ரொம்பக் கண்டிப்பா நடந்துகிட்டேன்" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. எனக்காக அவர் குற்ற உணர்ச்சி பட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுகள். எதற்கும் பணம் செலவாகவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து முதல் வரிசைக்கு, ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, அமைதியான ஒரு பையனுக்குப் பக்கத்தில் இடம். கவனம் போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிடாமல் மேசையை ஒரு தட்டு. அது அவனுக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரிந்த சங்கேதம். ஒரே நேரத்தில் மூன்று வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது. பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து. ஐந்தைச் சரியாகப் போட்டால் பாடம் புரிந்தது என்றுதானே அர்த்தம். பலகையில் இருப்பதை முழுக்க எழுத முடியாத நாளில் பக்கத்துப் பையனின் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவரலாம். நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிப் போவது, பலகை துடைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. உட்கார்ந்தே இருக்க முடியாதவன் எழுந்து நடக்க ஒரு மரியாதையான வழி. பி.டி. பீரியடை எந்தக் காரணத்துக்கும் பறிப்பதில்லை என்பதை டீச்சரே சொன்னார். நான் கேட்கவில்லை, கேட்கும் யோக்கியதையும் எனக்கு இல்லை.

டாக்டர் சொல்லிக்கொடுத்தது தினசரி அட்டை. உள்ளங்கை அளவு தாளில் மூன்றே மூன்று வரிகள்: சொன்னதும் நோட்டைத் திறந்தானா, கையைத் தூக்கிவிட்டுப் பேசினானா, வகுப்பு வேலையில் பாதியாவது முடித்தானா. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. டீச்சருக்கு ஒரு நிமிட வேலை. எத்தனை ஆம் வந்ததோ அதற்கேற்றபடி அன்று மாலையே வீட்டில் ஏதாவது ஒன்று: தெருவில் கூடுதலாக ஒரு சைக்கிள் சுற்று, என்னோடு ஒரு கேரம் ஆட்டம். வார முடிவில் தருகிறேன் என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு அது அடுத்த ஜென்மம் மாதிரி. ஆரம்பத்தில் அவனால் பெரும்பாலும் எட்ட முடிந்ததையே வைக்கவேண்டும், பழகப் பழகக் கொஞ்சம் கூட்டலாம். 'நல்ல பையனாக இருந்தானா' என்று ஒரு வரியை நான் சேர்க்கப் பார்த்தேன். கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதை மட்டும் எழுதுங்கள் என்று டாக்டர் அடித்துவிட்டார்.

மருந்துக்கும் டீச்சர் வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஏ.டி.எச்.டி.தான் என்று உறுதியானதும் பையனுக்கு மெத்தில்ஃபெனிடேட் எழுதிக்கொடுத்தார்கள். அது எக்ஸ் அட்டவணை மருந்து; சீட்டு இரண்டு பிரதி கொடுக்க வேண்டும், ஒன்றை மருந்துக்கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். குறுகிய நேரம் வேலை செய்யும் வகை நான்கு மணி நேரம் போலத்தான் தாங்கும். காலை எட்டு மணிக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிடும். அதாவது, மருந்து வேலை செய்யும் நேரம் முழுக்க அவன் டீச்சர் கண்முன்னால் இருக்கிறான். நாங்கள் பார்க்கும்போது அது முடிந்துவிட்டிருக்கும். எந்த பீரியடில் தளர்கிறான், சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுகிறானா, முன்பைவிட ரொம்ப மந்தமாக இருக்கிறானா என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் டாக்டர் அளவைத் திருத்த முடியும்.

1999-இல் முடிவுகள் வெளியான எம்.டி.ஏ. என்ற அமெரிக்க ஆய்வைப் பற்றி டாக்டர் ஒருமுறை சொன்னார். ஏழிலிருந்து பத்து வயதுக்குள் 579 பிள்ளைகள், 14 மாதச் சிகிச்சை. அதில் மருந்தின் அளவைத் தீர்மானிக்கப் பெற்றோரும் ஆசிரியரும் தினமும் போட்ட மதிப்பெண்களைத்தான் பயன்படுத்தினார்கள். முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் அப்படிக் கவனமாகக் கொடுத்த மருந்து முன்னால் நின்றது. மருந்தோடு வீட்டிலும் வகுப்பிலும் நடத்தைப் பயிற்சி சேர்ந்த பிள்ளைகளுக்குக் குறைவான மருந்தே போதுமானதாக இருந்தது. தினசரி அட்டையும் அந்தப் பயிற்சியில் ஒரு பகுதி. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் கள்ளத்தாளின் அடிப்படையில் யாராவது என் பையனுக்கு மருந்தின் அளவை முடிவுசெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அதுவரை அது எனக்கு வெறும் பொய்யாகத்தான் தெரிந்தது. அன்றுதான் அது ஆபத்து என்றும் தெரிந்தது.

இன்னொரு விஷயம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஆட்டிசம் இருக்கிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. கூடவே கற்றல் குறைபாடும் இருக்கும் பிள்ளைக்கு அந்த வழியில் சான்றிதழும் தேர்வுச் சலுகையும் கேட்கலாம். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதால் அதையும் சோதித்துவிடுவது நல்லது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேட்கலாம். ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளைக்கு முதல் வரிசை இடமும் பாதிக் கணக்கும் கூடுதல் பத்து நிமிடமும் எந்தச் சான்றிதழிலிருந்தும் வராது. ஓர் ஆசிரியரின் மனசிலிருந்துதான் வரவேண்டும். அந்த மனசின் வாசலில் நின்றுதான் நான் சட்டப்பிரிவு வாசித்தேன்.

டாக்டர் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, இது பெரும்பாலும் மரபுவழி வருவது, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு முக்கால் பங்கு அளவுக்குத் தெரிகிறது என்றார். செல்லம் கொடுத்தோ அடித்தோ இது வருவதில்லை. என் பள்ளிக்கூட நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. வாத்தியாரிடம் நான் வாங்கிய பிரம்படிகளும். அதைக் காரணமாக்கி, ஆசிரியர் என்றாலே எனக்குள் ஒரு பயம் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்று ராத்திரி நான் பயந்த டீச்சர் என் கவுண்டரில் எனக்கு வணக்கம் சொல்கிறவர். ஆகவே அந்தக் காரணம் செல்லாது. அம்மாவுக்கு மட்டும் போன் செய்து, "அவ வளர்ப்புல ஒண்ணும் தப்பில்லம்மா. இது நம்ம பக்கத்து ரத்தம்" என்றேன். அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. மனைவி அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பு மாறும்போது டீச்சரும் மாறுவார். போன வருஷத்து டீச்சர் புரிந்துகொண்டார் என்பதற்காக இந்த வருஷத்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதனால் ஜூன் மாதம், முதல் சிவப்பு மை விழும் முன்பே, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கொடுக்கிறோம்: அவனுக்கு என்ன, எந்த நேரம் கஷ்டம், எதைச் செய்தால் சரியாகிறான், வீட்டில் நாங்கள் என்ன செய்வோம், எதை எங்களால் செய்ய முடியவில்லை. கடைசி வரி முக்கியம் என்று மனைவி சொல்வாள். நாங்கள் தோற்கும் இடத்தையும் எழுதிக் கொடுத்தால்தான் அவர்களும் தாங்கள் திணறும் இடத்தைச் சொல்வார்கள். "ஏன் இப்படிச் செய்யறான்?" என்று கேட்டால் ஆசிரியர்கள் தற்காப்புக்குப் போகிறார்கள், "எந்த நேரத்துல மேடம் ரொம்பச் சிரமமா இருக்கு?" என்று கேட்டால் உட்கார்ந்து பேசுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் அனுப்புவதில்லை. உதவிய டீச்சரைப் பற்றித் தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன். புகார்க் கடிதம் என்று நினைத்துத்தான் அவர் பிரித்தாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் இன்னொரு பொய்த்தாள் ஆகிவிடும். பையன் இப்போதும் தெரியாமல் ஒன்றைத் தட்டிவிட்டால், யாரும் எதுவும் சொல்லும் முன்பே, "நான் பேட் பாய்தானே" என்கிறான். அந்த வார்த்தை அவனுக்குள் போனது நான் வாயை மூடிக்கொண்டிருந்த மாதங்களில். மருந்தும் அட்டையும் அதை இன்னும் வெளியே எடுக்கவில்லை. மனைவி என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் பள்ளியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் என் கையில் கொடுப்பதில்லை. அவள் அப்படிச் செய்வது சரிதான்.

போன மாதம் ஒருநாள் அட்டையில் மூன்று வரிக்கும் 'இல்லை' என்று வந்தது. அப்படிப்பட்ட நாளில் அவனைக் கேள்வி கேட்பதில்லை, திட்டுவதில்லை, பரிசு மட்டும் இல்லை, அடுத்த நாள் புதுசு. இதுதான் டீச்சரோடு நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். எனக்கு அன்று வங்கியில் தணிக்கை. எரிச்சலோடு வந்தவன் அவன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். அவன் அழவில்லை, அட்டையை மட்டும் பையில் திருப்பி வைத்தான். மறுநாள் காலை வங்கிக்குப் போகும் வழியில் பள்ளியில் இறங்கி, டீச்சர், நேத்து நான் அவனை அடிச்சிட்டேன், இன்னிக்கு அவன் கொஞ்சம் வாட்டமா இருப்பான், காரணம் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனேன்.